கணக்கில் ஒன்று கூட

ஆறு மணிக்கு இரவு வேலை முடியும்.
சீனன்குடா மாவாலையிலிருந்து பஸ்ஸில் தொங்கிப்
பாலையூற்றில் இறங்கும்போது
புருவத்தில் இன்னும் மா இருக்கும்.
பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் புட்டு மாமா.
இருக்கட்டும்.

ஒட்டுப்பலகையை வட்டமாய் அறுத்துத்
தும்புத்தடியில் ஆணி அடித்தது என் பலகை.
ஒரு பக்கம் 'நில்' என்று நான் எழுதினேன்.
மறுபக்கம் சிங்களத்தில் எழுதித் தந்தவர்
டயர்க்கடை விமலதாச.
ஒரு சுழி பிழை என்று
அடுத்த நாள் அவர் மகளே வந்து திருத்தினாள்.

மாசி மாதம் மணல் டிப்பர் ஒன்று
கிருத்திகனின் தண்ணீர்ப் போத்தலை மட்டும்
நசுக்கிவிட்டுப் போனது.
போத்தலை மட்டும்.
அந்த 'மட்டும்' போதவில்லை என்று நினைத்தவர்கள்
நாலு பேர்.

ஒழுங்கை முகப்பில் பெர்னதெத்,
நாய்களுக்கு உடைந்த பிஸ்கட்டோடு.
(இப்போது நாய்களும் எங்களோடு வருகின்றன,
அது வேறு தலையிடி.)
யோகேசு தன் ஓட்டோவை வீதி ஓரமாய்க்
குறுக்கே சாய்த்து நிறுத்துவான்.
முதல் ஹயர் போனால் போகட்டும் என்பான்,
போகும்போது முகம் கறுக்கும்.
கொப்பியும் பென்சிலும் றிஸ்வியாவிடம்.
தலைகளை எண்ணுவது அவள்.
கடக்க முன் ஒருதரம், கடந்தபின் ஒருதரம்.
இருபத்து மூன்று. இருபத்து மூன்று.

டவுனுக்குள்
மான் குறுக்கே வந்தால் லொறி நிற்கிறது.
தலையைக்கூடத் திருப்பாமல் அது கடக்கும்வரை
ஹோர்ன் இல்லாமல் நிற்கிறது.
கண்டி வீதியில் பிள்ளைக்கு நிற்க
ஒரு பலகை வேண்டியிருக்கிறது.

ஐப்பசி மழை விட்டும் விடாத ஒரு செவ்வாய்.
கடக்க முன் இருபத்து மூன்று,
கடந்தபின் இருபத்து நாலு.
றிஸ்வியா திரும்ப எண்ணினாள்.
குறைந்தால் என்ன செய்வது என்று
எத்தனையோ தரம் பேசியிருக்கிறோம்.
கூடினால் என்ன செய்வதென்று
ஒருவரும் பேசியதில்லை.

வரிசையின் வாலில் அவள்.
வெள்ளைச் சட்டைதான்,
ஆனால் கழுத்தோரம் மினுக்கம்,
ஆரோ கலியாணத்துக்கு வாங்கியது.
சொப்பிங் பையில் ஒரே ஒரு கொப்பி.
பெயர் கேட்டோம்.
நாய்க்குத்தான் சொன்னாள்: துவாரகி.

பள்ளிக்கூட வாசல்வரை வந்தாள்.
கேற் பூட்டிய பிறகும் கம்பியைப் பிடித்தபடி
கூட்டத்தில் பாடுகிற தேவாரத்துக்கு
வாயை மட்டும் அசைத்தாள்.
பிறப்புப் பத்திரம் வரவேண்டுமாம்.
மன்னாரில் எடுக்கவேண்டுமாம்.
தாய் விடியவே கருவாடு பரப்பப் போய்விடுவாளாம்.
கந்தோரில் இன்னும் ஒரு கிழமை என்றார்களாம்,
ஆவணியில்.

மற்ற மூவரும் வேலைக்குப் பிரிந்தார்கள்.
கண்ணிமையில் மணல் கொட்டியது போல் எனக்கு நித்திரை.
அப்போதுதான் விளங்கியது,
போகிற வழிக்குத்தான் நாங்கள் ஆள் போட்டிருந்தோம்.
ஏழரைக்குப் பிறகு
அது டிப்பர்களின் வீதி.

பலகையைத் திரும்ப எடுத்தேன்.
அவள் என் விரலைப் பிடிக்கவில்லை,
பலகைத் தடியைப் பிடித்தாள்.
நடு வீதியில் நாங்கள் இரண்டு பேர்.
பிரேக் கிறீச்சிட்டு நின்ற டிப்பரிலிருந்து
சாரதி தலையை நீட்டிக் கத்தினான்,
ஒரு பிள்ளைக்காகவா?
அவ்வளவு சிங்களம் எனக்கு விளங்கும்.
பதில் சொல்லத்தான் வராது.
பலகையைத் திருப்பிப் பிடித்தேன்.
சுழி திருத்திய பக்கம்.

அவன் அதை வாசித்தான்.
எஞ்சினை நிறுத்தினான்,
அவ்வளவுக்குத் தேவையில்லைதான்.

மறுநாள் காலை கொப்பியைப் பார்த்தேன்.
இருபத்து நாலு என்று றிஸ்வியா
பேனையால் எழுதியிருந்தாள்.

பத்திரம் இன்னும் வரவில்லை.
இப்போதெல்லாம் நான் படுக்க
எட்டேகால் ஆகிறது.